சாமிக்கு விட்ட பப்பாளி

பான் நாகோக் விகாரை, லோய்
ஆகஸ்ட் 6, பௌத்த ஆண்டு 2531

லம்துவான் அக்காவுக்கு,

நலம் உண்டாகட்டும். அத்தான் சோம்நுக்குக்கும், நான் இன்னும் பார்த்திராத உன் குழந்தைக்கும் என் ஆசிகள்.

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இங்கே நல்ல மழை. பெரிய சாமிக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. மணி அடிப்பது கேட்பதில்லை; எங்கள் வாய் அசைவதைப் பார்த்துத்தான் அவரும் ஓதத் தொடங்குகிறார். மழைக்கால வாசம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. அக்டோபர் பௌர்ணமி வரைக்கும் நாங்கள் ஐந்து பிக்குகளும் இந்த விகாரையை விட்டு வெளியே தங்க முடியாது. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது.

கூரையைப் பற்றிச் சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை.

அக்கா, எனக்கு ஒரு உபாதை. இடத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மனிதன் எதன்மேல் உட்காருகிறானோ அதன் நடுவில். காலையில் வெளியே போகும்போது கண்ணாடித் துண்டு இறங்குவது போல் வலிக்கிறது. பிறகு ஒரு மணி நேரம் எரிச்சல். இரண்டு முறை ரத்தமும் பார்த்தேன். வாசம் தொடங்குமுன் இங்கே வந்து போன ஒரு வயதான பிக்குவிடம் மட்டும் சொன்னேன். அவர் முன்பு ராணுவத்தில் மருந்து கட்டியவர். "வெடிப்பு சாமி, மூலம் இல்ல. வயிறு எளக்கமா இருந்தா தானா ஆறிடும். பழம் சாப்பிடுங்க" என்றார். எந்தப் பழம் என்று கேட்பதற்குள் அவருடைய வண்டி வந்துவிட்டது.

பழம் என்றால் எனக்கு உலகத்தில் உன் ஒருத்தியைத்தான் தெரியும்.

பிக்கு தன் வாயால் இன்னது வேண்டும் என்று ஊராரிடம் கேட்கக் கூடாது. நோயாளி கேட்கலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் கேட்டால் என்ன நோய் என்பார்கள். அதைச் சொல்வதைவிட வலியே மேல் என்று இருக்கிறேன். ரத்த உறவிடம் கேட்கத் தடை இல்லை, அதனால் உன்னிடம் கேட்கிறேன். வாசம் முடியும் பௌர்ணமியன்று இந்த வருடம் நான்தான் உபதேசம் செய்ய வேண்டும் என்று பெரிய சாமி சொல்லிவிட்டார். தேக்கு மரப் பீடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். இப்போது ஒன்றரை நிமிடம் முடியவில்லை.

படித்ததும் கிழித்துவிடு.

பிக்கு தவின்


சந்தபுரி சந்தை
ஆகஸ்ட் 15

மதிப்புக்குரிய சாமி அவர்களுக்கு, மூன்று முறை விழுந்து கும்பிட்டு எழுதிக்கொள்வது.

கும்பிட்டாயிற்று. இனி அக்காவாக எழுதுகிறேன்.

டேய் தவளை! அப்பாவின் தகனத்துக்குப் புண்ணியம் சேர்க்கப் பதினைந்தே நாள் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று போனவன் நீ. அந்தப் பதினைந்து நாள் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு மூன்று பஸ் மாறி உன் விகாரை வாசலுக்கு வந்தேன். நீ வெளியே தலைகாட்டவில்லை. "இனிமே எனக்குத் தம்பியே கெடையாது"ன்னு ஊர் கேட்கக் கத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இப்போது வருகிறது முதல் கடிதம், அதுவும் எதைப் பற்றி!

ரம்புத்தான் அடுக்கிக்கொண்டிருந்தபோது கடிதம் வந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்தது பாவம் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திய கைக்குள்ளேயே மறுபடி சிரித்தேன். பக்கத்துக் கடைக்காரி "என்னடி, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

சரி, கேட்டுக்கொள். உனக்கு முதல் பழம் பப்பாளி. காலையில் வெறும் வயிற்றில் அரைப் பழம். அதற்கு அடுத்தது நாட்டு வாழைப்பழம், ஆனால் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பிறகு. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும்போது தின்றால் அது வயிற்றைக் கட்டிவிடும், இருப்பதும் கெட்டுப் போகும். கொய்யாவைத் தொடாதே; அந்த விதை உனக்கு இப்போது கூழாங்கல். துரியன் வேண்டாம், லோங்கன் வேண்டாம், இரண்டும் சூடு. ஜம்பு நாவல் தின்னு, பம்ப்ளிமாஸைச் சுளையின் வெள்ளை நாரோடு தின்னு. மங்குஸ்தான் தாராளமாகத் தின்னலாம். தோல் துவர்ப்பு, அது ஒட்டாமல் சுளையை மட்டும் எடு. புளியம்பழம் இரண்டு கொட்டை அளவு, அதற்கு மேல் ஆசைப்படாதே. இதெல்லாம் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நார் உள்ளே போய்க் கயிறாகிவிடும். நாளைக்கு எட்டு குவளை. ஒட்டரிசிச் சோற்றைப் பாதியாகக் குறை. வந்தால் போ, வராவிட்டால் முக்காதே. போய் வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக் கால் மணி நேரம் உட்கார். ஒன்றரை மாதத்தில் ஆறவில்லை என்றால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தானுக்கு மட்டும் தெரியும், கடிதம் அரிசிப் பானை மேல் கிடந்தது.

கும்பிடு.

லம்துவான்


பான் நாகோக்
ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கத்தியிருந்த பகுதியை ஐந்து முறை.

நீ சொன்ன பழம் எல்லாம் சரி. ஆனால் நான் கடைக்குப் போகிறவன் இல்லை, பாத்திரத்தை நீட்டுகிறவன். பாத்திரத்தில் விழுவது ஒட்டரிசிச் சோறு, சுட்ட கோழி, மிளகாய்த் துவையல், அதற்கு மேல் இன்னொரு பிடி ஒட்டரிசிச் சோறு. பழம் என்று விழுந்தால் கொய்யாதான், மிளகாய் உப்போடு. வாழைப்பழம் வரும். நீ சொன்ன மஞ்சளும் பச்சையுமான நிறத்தில் வரும். இரண்டு நாள் வைத்தால் புள்ளி விழும் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் வாங்கிய உணவை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள பிக்குவுக்கு அனுமதி இல்லை. நாளைக்கு என்று எனக்கு எதுவும் கிடையாது அக்கா.

மருந்தாகக் கடுக்காய் மட்டும் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். உப்பில் ஊறியது ஒரு ஜாடி இருந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரே மாலையில் பதினொன்று சாப்பிட்டேன். அடுத்த நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. மாலை ஓதும்போது மற்ற நால்வரும் உட்காருவார்கள், நான் முழங்காலிலேயே இருப்பேன். ஓதி முடிந்ததும் எழுந்து நின்றுவிடுவேன். சாப்பிடும்போது மட்டும் உட்கார்ந்தாக வேண்டும், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து. இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி பூன்மா அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவர்தான் காலையில் எல்லா வீட்டையும் எழுப்பிப் பிச்சையிட நிறுத்துவார். அவர் இதைக் கவனித்துவிட்டார்.

"சாமி, சாப்பிடுற நேரம் தவிர நீங்க ஒக்கார்றதே இல்லையே?"

நான் பாத்திரத்தைத் துடைக்கத் தொடங்கினேன்.

"எத்தன நாளா சாமி?"

"ஒரு மாசம் இருக்கும்" என்றேன். அது உண்மை.

அவர் பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, "நான் சொல்லல? நிக்கிற விரதம்! எங்க தாத்தா காலத்துல ஒரு சாமி இருந்தாராம் இப்படி" என்றார். அவ்வளவுதான். நான் போகிற வழியில் இப்போது பாய் விரித்துக் கும்பிடுகிறார்கள். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பொய் ஒன்று வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. இங்கே உட்காராதவன் நான் ஒருவன்தான்.

யாரிடமும் சொல்லிவிடாதே. இதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தவின்


சந்தபுரி
செப்டம்பர் 4

சாமிக்கு,

பதினொன்றா! உனக்கு ஏழு வயதில் பச்சை மாங்காய் பதினான்கு தின்றாய், நினைவிருக்கிறதா? அன்றைக்கும் நான்தான் உனக்குப் பாய் துவைத்தேன்.

வெடிப்புக்குக் கெட்டியும் ஆகாது, தண்ணீராகப் போவதும் ஆகாது. நடுவில் இருக்க வேண்டும். உங்கள் மதமே நடுவழிதானே, இதைக்கூடவா பழக்கடைக்காரி சொல்லித் தர வேண்டும்?

லோய் பஸ்ஸில் ஒரு பெட்டி மங்குஸ்தான் போட்டுவிட்டிருக்கிறேன். பருவத்தின் கடைசிக் காய்கள், பஸ் ஓட்டுகிறவர் அதன் மேல் உட்காராமல் இருந்தால் முழுதாக வந்து சேரும். பப்பாளியை அனுப்ப வழியில்லை, கொராட் தாண்டுவதற்குள் கூழாகிவிடும்.

அப்புறம், கோபப்படாதே, உங்கள் பூன்மாவுக்கு இரண்டு வரி எழுதினேன். உன் நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை, அத்தான் மேல் சத்தியம். "சாமிக்குப் பப்பாளி என்றால் உயிர். தினமும் கொடுத்தால் உடம்புக்கும் நல்லது. தயவு செய்து எல்லா வீட்டிலும் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினேன். கீழே "வாசலில் கத்தின அக்கா" என்று கையெழுத்துப் போட்டேன், அப்படிப் போட்டால்தான் நான் யார் என்று தெரியும்.

இனி கவலையை விடு.

லம்துவான்


பான் நாகோக்
செப்டம்பர் 14

அக்கா,

கவலையை விட்டேன். அது போன வேகத்தில் திரும்பி வந்தது.

உன் ஊரில் பப்பாளி என்றால் பழம். இந்த ஊரில் பப்பாளி என்றால் உரல். இங்கே ஒரு காயும் மஞ்சளாவதில்லை. பச்சையாக இருக்கும்போதே பறித்து, சீவி, மிளகாயும் புளித்த மீன்சாறும் போட்டு இடித்துவிடுவார்கள். பழுத்த பப்பாளியைத் தின்பது இங்கே காக்கை மட்டும்தான். நீ சந்தபுரிக்காரி, உனக்குத் தோன்றாது. நான் ஆறு வருடம் இங்கே இருக்கிறேன், எனக்காவது சொல்லத் தோன்றியிருக்க வேண்டும்; ஆனால் நீ என்னைக் கேட்கவே இல்லையே!

வெள்ளிக்கிழமை காலையில் இருபத்து மூன்று வீட்டு வாசலிலும் இருபத்து மூன்று பொட்டலம். ஒவ்வொன்றிலும் இடித்த பப்பாளி. சாமிக்கு உயிர் என்று கேள்விப்பட்டதால் ஒவ்வொரு வீட்டிலும் மிளகாயை ஒரு கை கூடுதலாகப் போட்டிருந்தார்கள். எல்லாரும் விகாரைக்கே வந்து எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். மனம் நோகக் கூடாதே என்று சாப்பிட்டேன். கண்ணிலும் மூக்கிலும் நீர். பூன்மா அக்கா தன் தங்கையிடம் மெல்லச் சொன்னார்: "பாரு, சொந்தக்காரங்க நெனப்பு வந்து சாமி அழுவுறாரு."

மறுநாள் காலை நான் அழுததற்கு அந்த நினைப்பு காரணமில்லை.

இது ஒரு வாரம் நடந்தது. உன் மங்குஸ்தான் மட்டும் நல்லபடியாக வந்து சேர்ந்தது. ஆனால் அன்றைக்கே, எங்கள் உண்ணும் நேரம் முடியும் நடுப்பகலுக்குள், ஐந்து பேரும் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு நல்ல நாள்.

இதற்கிடையில் யாரோ நான் ஓதி முடித்து நின்ற நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்தேழு நிமிடம். லாட்டரியில் கடைசி இரண்டு எண் நாற்பத்தேழு விழுந்துவிட்டது. நேற்று அடுத்த வட்டத்திலிருந்து மூன்று வண்டி ஆட்கள் வந்தார்கள், நான் நிற்பதைப் பார்க்க.

நீ எப்போதும் இப்படித்தான். உனக்கு ஒன்று சரி என்று பட்டால் என்னைக் கேட்காமல் செய்துவிடுவாய். என் பள்ளிக்கூடம், எனக்குப் பார்த்த பெண், என் சைக்கிளின் நிறம் எல்லாவற்றையும் நீதான் முடிவு செய்தாய். அன்றைக்கு நீ வாசலில் கத்தியபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? தண்ணீர்ச் சாடிகளுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில். உன் வயிறு தெரிந்தது. காலில் சேறு ஒட்டியிருந்தது தெரிந்தது. வெளியே வந்திருந்தால் உன் பையைத் தூக்கிக்கொண்டு உன்னோடு பஸ் ஏறியிருப்பேன். அதனால்தான் வரவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும் என்று ஆறு வருடமாக நினைத்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், ஆனாலும் உண்மை.

தவின்


சந்தபுரி
செப்டம்பர் 25

தம்பிக்கு,

இருபத்து மூன்று பொட்டலம் என்ற இடத்தில் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. உன் அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் சிரிக்கவில்லை. "பாவம்டி, எழுதறப்ப எழுத்தெல்லாம் நடுங்கிருக்கு பாரு" என்றார். பிறகு நானும் பார்த்தேன். மன்னித்துக்கொள். "பழுத்த" என்று ஒரு சொல் போட்டிருக்கலாம். உன்னைக் கேட்டும் இருக்கலாம்.

தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால் இருந்ததைப் பற்றி இப்போது எதுவும் எழுத மாட்டேன். சைக்கிளுக்குச் சிவப்பு நிறம் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு யோசனை, இந்த முறை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். சொல்லட்டுமா? நீ சரி என்று சொல்லக் காத்திருந்தால் பதினைந்து நாள் போய்விடும், அதனால் சொல்கிறேன். உன் பழைய காவித்துணியிலிருந்து விரல் அகலத்துக்கு நாடா கிழி. ஒவ்வொரு வீட்டு மரத்திலும் ஒரே ஒரு காயில் கட்டச் சொல். காவி கட்டிய காயை எவள் பறித்து உரலில் போடுவாள்? இரண்டு வாரத்தில் தானாகப் பழுக்கும். நீ வாயைத் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. நின்றுகொண்டே இருந்தால் எல்லாரும் புகழ்வார்கள் தம்பி. புகழ்ந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே எரிவது நமக்கு மட்டும்தான் தெரியும். அது நல்லதில்லை, எனக்குத் தெரியும்.

ஒன்றரை மாதம் தாண்டிவிட்டது. சுகாதார நிலையத்துக்குப் போகாவிட்டால் நானே வந்து வாசலில் நின்று கத்துவேன். இந்த முறை எதைப் பற்றிக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும்.

லம்துவான்


பான் நாகோக்
அக்டோபர் 9

அக்கா,

உன் மிரட்டல் பலித்தது. போய் வந்தேன். காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட்டேன், வாசம் கெடவில்லை. நர்ஸம்மாவைப் பார்த்ததும் கால்வலி என்று சொல்லிவிட்டேன். நல்லவேளையாக உள்ளே ஆண் மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார், தெற்கத்திக்காரர். பார்த்துவிட்டு, "சின்ன வெடிப்புதான் சாமி, ஆழமா போகல. பயப்படாதீங்க" என்றார். களிம்பு கொடுத்தார். அதற்குப் பிறகு நீ சொன்னதையே வரிசை மாறாமல் சொன்னார்: தண்ணீர், வெந்நீர்த் தொட்டி, பழுத்த பப்பாளி. கொய்யா விதையைக்கூட விடவில்லை. மருந்துச் சீட்டில் "பப்பாளி, பழுத்தது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுத் தந்தார். தன் வீட்டு மரத்துப் பழம் ஒன்றையும் கொடுத்தார். சாலையோரத்தில் நின்றே முழுதையும் சாப்பிட்டேன். எனக்கு வெட்கமே இல்லை, கையெல்லாம் சாறு.

இப்போது வலி பாதி குறைந்திருக்கிறது.

உன் நாடா யோசனை கெட்டிக்காரத்தனமானது. அதனால்தான் பயமாக இருக்கிறது. இவர்கள் அந்த நாடாவுக்குக் கட்டுப்படுவார்கள்; எதனால் என்றால், நான் பெரிய விரதக்காரன் என்று நம்புவதால். பொய்யைக் கட்டி வைத்துப் பழம் தின்ன எனக்கு இறங்காது. அடையாத ஒன்றை அடைந்ததாகச் சொன்ன பிக்குவுக்கு எங்கள் விதியில் மன்னிப்பே கிடையாது. நான் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லையே.

ஊர்த்தலைவர் கம்சிங் நேற்று வந்தார். உபதேச மண்டபச் சுவரில் என்னை நின்ற கோலத்தில் வரையப் போகிறார்களாம். ஓவியன் எட்டு முழம் உயரம் அளந்துவிட்டான். "சிரிச்ச மொகமா வரையச் சொல்லவா சாமி?" என்று கேட்டார்.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. பீடத்தில் உட்கார முடியுமா என்பது இப்போது என் கவலையே இல்லை. உட்கார்ந்தால் என்ன சொல்வது என்பதுதான்.

தவின்


பான் நாகோக்
அக்டோபர் 28

என் அக்காவுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பௌர்ணமியன்று காலையில் பிக்குகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம்: என்னிடம் ஏதாவது குற்றம் கண்டிருந்தால், கேட்டிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால் சொல்லுங்கள் என்று. என் முறை வந்தது. கேட்டேன். நான்கு பேரும் அன்பாகத் தலையை அசைத்துப் பேசாமல் இருந்தார்கள். அக்கா, யாராவது ஒருவர் ஏதாவது சொல்லியிருந்தால் ஒருவேளை நான் தப்பித்திருப்பேன். அந்த மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. வெளியூர் வண்டிகள் வேறு. நான் பீடத்தின் மேல் ஏறி நின்றேன். எல்லாரும் கைகூப்பினார்கள். நான் அத்தனை பேர் முன்னால், என் அறையிலிருந்து கொண்டுவந்த பஞ்சு மெத்தையைப் பீடத்தில் போட்டு, மெதுவாக, ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்தேன். "அய்யோ, விரதம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்கு விரதம் எதுவும் கிடையாது" என்றேன். "உட்காருகிற இடத்தில் ஒரு வெடிப்பு. மலச்சிக்கலால் வந்தது. உட்கார்ந்தால் வலித்தது, அதனால் நின்றேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்தீர்கள். நான் திருத்தவில்லை. வெட்கம். இந்த மூன்று மாதத்தில் நான் செய்த குற்றம் அதுதான்."

பெரிய சாமி கையைக் காதில் வைத்து, "என்ன சொல்றான்?" என்று கேட்டார். "என்னடா சொல்றான்?" என்று இன்னும் பலமாகக் கேட்டார். பூன்மா அக்கா எழுந்து போய் அவர் காதுக்குப் பக்கத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

"சாமிக்குப் பின்னால புண்ணாம்!"

"ஓ, அதுவா?" என்றார் பெரிய சாமி. "எனக்கும் இருந்துச்சு. நாப்பது வயசுல."

முதலில் தலைவர் கம்சிங்கின் மனைவி சிரித்தார். பிறகு எங்கே யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வெளியூர் ஆட்களில் சிலர் எழுந்து போய்விட்டார்கள், போகட்டும். பூன்மா அக்கா மட்டும் சிரிக்கவில்லை, நின்ற இடத்தில் உறைந்து போயிருந்தார்.

"அப்ப நாங்க இடிச்சுக் குடுத்த பப்பாளி? ஒரு வாரம்! மொளகா!" தலையில் கையை வைத்துக்கொண்டார். "வாயத் தொறந்து சொல்லக் கூடாதா சாமி? ஒரு பிக்குவ உள்ளுக்குள்ள வேக வச்சுட்டோமே! எந்த நரகத்துல போடுவாங்க எங்கள?"

"உங்களைப் போடமாட்டார்கள். சொல்லாத என்னைத்தான் போடுவார்கள்" என்றேன். அப்போதுதான் அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு ஒன்றரை மணி நேரம் உபதேசம் செய்தேன். வலித்தது, ஆனால் தாங்கும்படி இருந்தது. இவ்வளவு கவனமாக இந்த ஊர் என் பேச்சைக் கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் பிச்சைக்குப் போனபோது பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுப் பப்பாளி மரத்திலும் ஒரு காயில் துணி கட்டியிருந்தது. பூன்மா அக்கா தன் பழைய மஞ்சள் பாவாடையைக் கிழித்து வீடு வீடாகப் போய்க் கட்டியிருக்கிறார். "சாமிக்கு விட்ட காய். கை வச்சா வெட்டுவேன்" என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். நீ சொன்ன யோசனையை நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. அவராகவே செய்தார்.

சில மரங்களில் இரண்டாவதாக ஒரு காயிலும் துணி. இது நீலக் கட்டம் போட்ட இடுப்புத் துண்டின் கிழிசல். யாருக்கு என்று கேட்டேன். தலைவர் கம்சிங் என்னைச் சாடிகளின் பக்கம் கூட்டிப்போய் மெல்லச் சொன்னார்: "எனக்கும் எட்டு வருஷமா இருக்கு சாமி. பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது." அன்று மாலைக்குள் அதே மாதிரி ஆறு பேர் வந்தார்கள். எல்லாரும் தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால் நின்றுதான் கேட்டார்கள். உன் கடிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். புள்ளி விழுந்த வாழைப்பழம், எட்டு குவளை தண்ணீர். சுவர் வெள்ளையாகவே இருக்கிறது, ஓவியனை அனுப்பிவிட்டார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இதெல்லாம் உனக்கு எப்படி இவ்வளவு நுணுக்கமாகத் தெரியும்? பழக்கடைக்காரிக்குப் பழம் தெரியலாம். வெந்நீர்த் தொட்டியும் அந்த எரிச்சலும் எப்படித் தெரியும்?

நவம்பர் 20 இங்கே ஊரார் எங்களுக்குப் புது அங்கி சாத்தும் விழா. வருவாயா? இந்த முறை வாசலில் நான் இருப்பேன். உட்கார்ந்திருப்பேன்.

தவின்


சந்தபுரி
நவம்பர் 5

தவளைக்கு,

வருகிறேன். அத்தானும் மகள் பிம்மும் வருகிறார்கள். வண்டி முழுக்கப் பழம் வரும். கூழானாலும் பரவாயில்லை என்று பப்பாளியும் ஏற்றுகிறேன். பூன்மாவுக்கு ஒரு புதுப் பாவாடை எடுத்திருக்கிறேன், மஞ்சள்தான்.

எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். பிம் பிறந்த பிறகு எனக்கு வந்தது. மூன்று மாதம் கடையில் நின்றேன். சந்தை முழுக்க என்னைப் புகழ்ந்தது. "பச்ச ஒடம்புக்காரி ஒக்காராம ஒழைக்கிறா பாரு" என்றார்கள். உன்னைப் போலவே நானும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு பழமாகத் தின்று, அழுது, அடுத்த பழத்தைத் தின்று, எது ஆகும் எது ஆகாது என்று நானே கண்டுபிடித்ததுதான் உனக்கு எழுதியதெல்லாம்.

கிழிக்கச் சொன்ன உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பெட்டியில் வைத்திருக்கிறேன். அதே பெட்டியில் பழைய தாள் ஒன்றும் இருந்தது. உனக்கு எழுதியது, அனுப்பவில்லை. இப்போது இதோடு வைக்கிறேன்.

இருபதாம் தேதி பார்க்கலாம்.

லம்துவான்


சந்தபுரி
டிசம்பர் 3, பௌத்த ஆண்டு 2525

தவளை,

பெண் பிறந்திருக்கிறாள், உன் மூக்கு. எனக்கு உட்கார முடியவில்லை. எங்கே வலி என்று யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் சொன்னால் சிரிப்பாய்.

வந்து சிரி.